பெஞ்ச் ஆடுதா, கடிக்குதா, சுடுதா: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது

எங்கள் குடியிருப்புப் பூங்காவில் 14 பெஞ்சுகள். சென்னையின் தென்கோடியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரம். சிமெண்டில் நான்கு, கருங்கல்லில் நான்கு, இரும்புக் காலும் மரப்பலகையுமாக மூன்று, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) இரண்டு, பிளாஸ்டிக் பலகை ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் உபயம். நலச்சங்கத்தில் வேறு யாரும் கைதூக்காததால் பராமரிப்பு என் தலையில் விழுந்தது. கொத்தனார், வெல்டர், தச்சர் மூவரிடமும் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதை, புகார் எப்படி வருமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கருவிகள் அதிகம் வேண்டாம். அளவு டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, சின்னச் சுத்தியல், டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர். முதலில் அந்தப் பெஞ்சில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அப்புறம் குனிந்து அடியைப் பாருங்கள். பாட்டில் தண்ணீரை இருக்கையில் ஊற்றி, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். தேங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வியாதி அங்கேதான் தொடங்கியிருக்கும்.

## எல்லோரும் சாய்மானத்தின் மேல் ஏறி உட்காருகிறார்கள், அது உடைகிறது

இதை ஒழுக்கக் கேடு என்று நினைத்துப் பல நாள் பையன்களை விரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பெஞ்சின் சாய்மானம் இரண்டாவது முறையும் கழன்றபோதுதான் டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து இருக்கை 34 செ.மீ. உயரம். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, முந்தின நாள் மழைத் தண்ணீர் பலகையில் அப்படியே நின்றது. இருக்கை குள்ளமாகவும் ஈரமாகவும் இருந்தால் மனிதன் மேலேதான் ஏறுவான். நானும் ஏறித்தான் பார்த்தேன், வசதியாகவே இருந்தது.

சாய்மானத்தின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தால், அது கடப்பாரை போட்டு நெம்புவது மாதிரி. மேலே கொடுக்கும் தள்ளு சிறியதுதான், ஆனால் கீழே பலகையும் காலும் சேரும் மூட்டில் அது பல மடங்காகிவிடும். அந்த மூட்டு, முதுகை லேசாகத் தாங்கத்தான் செய்யப்பட்டது. நாம் மறுபடி மறுபடி தடிமனான போல்ட் போட்டோம்; போல்ட் நின்றது, பலகை பிளந்தது.

ஆகவே உடைந்த இடத்தைத் தொடுவதற்கு முன் உயரத்தை அளந்து விடுங்கள். எங்கள் பெஞ்ச் ஏன் குள்ளமானது தெரியுமா? செய்யும்போது சரியாகத்தான் செய்திருந்தார்கள். பிறகு நடைபாதையைப் புதுப்பித்தபோது பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே மணல் பரப்பிப் பேவர் கல் பதித்துவிட்டார்கள். தரை நான்கு அங்குலம் உயர்ந்தது, பெஞ்ச் நான்கு அங்குலம் புதைந்தது. ரோடு உயர உயர வீட்டு வாசல் பள்ளமாகிற அதே கதை. பெஞ்சைச் சுற்றி மட்டும் பேவர் கல்லை எடுத்துவிட்டு, காலை உயர்த்திப் பொருத்தினோம். சாய்மானம் அதற்கப்புறம் கழலவில்லை.

## உட்கார முடிகிறது, எழுந்திருக்க முடியவில்லை

ஒரு பாட்டி சொன்ன புகார் இது: "தம்பி, ஒக்காந்துடறேன். எந்திரிக்கத்தான் ஆள் வேண்டியிருக்கு." பெஞ்சின் வசதியைப் பற்றி இதைவிடத் துல்லியமான அறிக்கையை நான் கேட்டதில்லை.

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, உயரம். பொது பெஞ்சுக்கு 43 முதல் 46 செ.மீ. வரை வழக்கமான கணக்கு. அதற்குக் கீழே போகப் போக முழங்கால் அதிகம் மடங்கும். எழும்போது தொடைத் தசைக்கு வேலை கூடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு 46–48 நல்லது. ஆனால் எல்லாப் பெஞ்சையும் அப்படி உயர்த்திவிட்டால் குள்ளமான பெண்களுக்குக் கால் தரையில் எட்டாது, பலகையின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி மரத்துப்போகும். ஒரே உயரத்தில் 14 பெஞ்ச் போடுவதைவிட, வாசலுக்குப் பக்கத்தில் இரண்டை உயரமாக வைப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, கைப்பிடி. இருக்கையிலிருந்து 20 செ.மீ.க்குச் சற்று மேலே, முன்விளிம்பு வரை நீண்டு வர வேண்டும். பாதியிலேயே முடிந்துவிடும் கைப்பிடி முழங்கையை வைக்க உதவும், ஊன்றி எழ உதவாது. நடுவில் கைப்பிடி வைப்பது பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை வைப்பவர்கள் உண்டு. லண்டனில் 2012-இல் கேம்டன் நகராட்சி, படுக்க முடியாதபடி மேடும் சரிவுமாக ஒரு கான்கிரீட் பெஞ்சே செய்து வைத்துப் பேர் (கெட்ட பேர்தான்) வாங்கியது. எனக்கு அந்த நோக்கத்தில் உடன்பாடில்லை. மதிய வெயிலில் கொஞ்சம் கண்ணயர்கிற கூலித் தொழிலாளி பெஞ்சைத் தேய்த்துவிடப் போவதில்லை. பாட்டிக்காக வைப்பதென்றால் ஓரங்களில் வைத்தாலே போதும்.

மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: இருக்கைக்கு அடியில் பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ள இடம். எழும்போது நாம் தன்னையறியாமல் பாதத்தை உடம்புக்கு அடியில் கொண்டுபோகிறோம். செங்கல் வைத்துப் பெட்டி மாதிரி கட்டிய பெஞ்சில் குதிகால் சுவரில் முட்டும். பாட்டி உட்காரும் பெஞ்ச் அந்த ரகம்தான். முன்பக்கச் சுவரை 15 செ.மீ. உள்ளே தள்ளிக் கட்டியதும் புகார் நின்றது.

## முதுகு வலிக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை

இருக்கையின் ஆழத்தை அளங்கள். 40–45 செ.மீ. போதும். "தாராளமாக இருக்கட்டும்" என்று 55 செ.மீ. வைத்தால், சாய வேண்டுமானால் கால் தொங்கும், காலை ஊன்ற வேண்டுமானால் முதுகு எட்டாது. சாய்மானம் நட்டுக்குத்தலாக 90 பாகையில் நின்றால் முன்னால் தள்ளும். 100 பாகையை ஒட்டி, கொஞ்சம் பின்னே சாய்ந்திருப்பதுதான் சுகம். இருக்கைக்கும் சாய்மானத்தின் கீழ் விளிம்புக்கும் இடையே ஒரு சாண் அளவு காலியாக இருந்தால் இடுப்பு பின்னே போய் உட்காரும், மழைத்தண்ணீரும் அந்த வழியாக இறங்கிவிடும்.

சிமெண்ட் பெஞ்சில் இன்னொரு தனி நோய் உண்டு. உபயதாரர் பெயரைப் புடைப்பு எழுத்தில் சாய்மானத்தின் நடுவிலேயே அச்சுக் குத்தியிருப்பார்கள். அரை மணி உட்கார்ந்து எழுந்தால் சட்டையில் அவர் பெயர் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். பெயர் போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பின்பக்கம் போடலாம், அல்லது எழுத்தைக் குழிவாக வெட்டலாம்.

## சிமெண்ட் பெஞ்சில் விரிசல்

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். விரிசல் என்றதும் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மூடிவிடுவது பழக்கம். எந்தத் திசையில், எந்த முகத்தில் என்று பார்த்தால் காரணம் தானாகத் தெரியும்.

அடிப்பக்கம், இரண்டு காலுக்கும் நடுவில், அகலவாக்கில் விரிசல்: பலகை சுமையில் வளைகிறது. நடுவில் உட்காரும்போது மேல்முகம் நசுங்கும், அடிமுகம் இழுபடும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதற்காகத்தான் அடியில் கம்பி. இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. மேல்முகம் வழுவழுப்பாக வர வேண்டும் என்று பலகையைக் கவிழ்த்து அச்சில் வார்ப்பார்கள். வேலையாள் பழக்கதோஷத்தில் கம்பியை அச்சின் அடியை ஒட்டிப் போடுவார். காய்ந்ததும் திருப்பிப் போட்டால் கம்பி மேலே வந்துவிடும். கம்பி இருக்கிறது, ஆனால் இருந்தும் இல்லாத மாதிரி. இப்படி விரிந்த பலகையை ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மேல்முகத்தில், காலுக்கு நேர் மேலே விரிசல்: காலுக்கு வெளியே நீண்டு நிற்கும் ஓரத்தில் யாரோ குதித்திருக்கிறார்கள், அல்லது தினமும் இருவர் உட்காருகிறார்கள். அந்த இடத்தில் இழுப்பு மேல்முகத்தில் வரும். அடியில் மட்டும் கம்பி போட்ட பலகைக்கு அங்கே காப்பு கிடையாது. ஓரம் ஒரு சாணுக்கு மேல் நீளாமல் காலை வெளியே தள்ளி வையுங்கள்.

பலரும் செய்யும் தப்பு ஒன்று. நடுவில் விரிசல் கண்டதும் நடுவில் ஒரு செங்கல் தூணைக் கட்டி முட்டுக் கொடுப்பார்கள். மரத்துக்கும் இரும்புக்கும் அது சரி. சிமெண்ட் பலகைக்கு மூன்றாவது கால் வைத்தால், அந்தக் காலின் தலைக்கு மேலே இழுப்பு மேல்முகத்துக்கு மாறிவிடும். மேலே கம்பி இல்லையென்றால் புது விரிசல் அங்கே பிறக்கும். வைத்தியமே வியாதியாகிவிடும்.

நீளவாக்கில், கம்பி போகிற வழியிலேயே, பழுப்புக் கறையோடு விரிசல்: துரு. இரும்பு துருவாகும்போது பழைய பருமனைப் போல் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். சுத்தியலால் தட்டினால் டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்கும். கடலோரத்தில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐ.எஸ். 456 : 2000 என்ற இந்தியத் தரநிலை, கடலோரச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. கடையில் விற்கும் பெஞ்ச் பலகையின் மொத்தக் கனமே 60 மி.மீ. சுமார் இருக்கும். 45-ஐ விட்டால் கம்பியை எங்கே வைப்பது? ஆகவே கடலோரத்தில் மெல்லிய சிமெண்ட் பெஞ்ச் ஆரம்பத்திலிருந்தே தோற்கிற ஆட்டம். எங்கள் பூங்காவில் இனி சிமெண்ட் பெஞ்ச் வேண்டாம் என்று தீர்மானமே போட்டுவிட்டோம்.

பழுது பார்த்தே ஆக வேண்டுமென்றால், பொள்ளலான கான்கிரீட்டை முழுதும் உடைத்து, கம்பியின் பின்புறம் வரை திறந்து, துருவைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் நனைக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால், ஒரு பலகைக்கு இத்தனை பாடு கட்டுப்படியாகாது.

மேலே சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல்கள் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், வார்த்தபோது சரியாகத் தண்ணீர் விடவில்லை, அவ்வளவுதான். எந்த விரிசலாக இருந்தாலும் அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிற விரிசல்.

## கருங்கல் பெஞ்ச்

புகார் ரொம்பக் குறைவு. இரண்டு கல் காலும் மேலே ஒரு கல்லும், சாலையோரச் சுமைதாங்கிக் கல்லின் அதே வடிவம், உயரம்தான் குறைவு. துருப்பிடிக்காது, உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. ஆனால் கல் உடைந்தால் முன்னறிவிப்பே கிடையாது: இரும்பு வளைந்து காட்டும், மரம் முனகும், கல் பட்டென்று இரண்டாகும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டுங்கள். சிற்பிகள் ஆண் கல், பெண் கல் என்று ஓசை கேட்டுப் பிரிப்பார்களே, அந்த அளவுக்கு நமக்குக் காது வேண்டாம். கணீரென்று வரும் ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே உள்விரிசல் இருக்கலாம். அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் காய விடுங்கள். சுற்றிலும் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

## ஆடுகிறது

ஒருவர் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசையட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். மூட்டில் அசைவு தெரிந்தால் நட்டு. காலோடு சேர்ந்து தரையே அசைந்தால் அடித்தளம். மூலைக்கு மூலை தட்டாடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை.

நட்டு என்றால் முறுக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். மரம் கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். சித்திரையில் இறுக்கியது கார்த்திகையில் மரத்தை நசுக்கும், அடுத்த சித்திரையில் மறுபடி தளரும். அகலமான வாஷரும், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டும் போட்டால் இந்தச் சக்கரம் நிற்கும்.

அடித்தளம் என்றால், பெரும்பாலும் பேவர் கல்லில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்திருப்பார்கள். பேவர் கல் மணல் மேல் கிடக்கும் தனிக் கல். அதில் பெஞ்சைக் கட்டுவது, ஓடுகிற ஆட்டின் மேல் கொடிக்கயிறு கட்டுவது மாதிரி. கல்லை எடுத்துவிட்டு, ஒன்றரை அடி ஆழக் குழியில் கான்கிரீட் போட்டு அதில் காலைப் பொருத்துங்கள். மதுரைக்குத் தெற்கே கரிசல் மண் ஊர்களில் இது இன்னும் ஆழம் போக வேண்டும். அந்த மண் மழையில் ஊதி வெயிலில் பிளப்பதால் ஆழமில்லாத அடித்தளத்தைத் தூக்கிப் போட்டு விளையாடும்.

தரையில் பொருத்தாத பெஞ்ச் பின்னால் கவிழ்கிறதா? சாய்மானத்தின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை விடுங்கள். குண்டு பின்காலுக்கு வெளியே விழுந்தால் அது கவிழக் காத்திருக்கும் பெஞ்ச்.

## பலகை தொய்கிறது

இடைவெளியை அளங்கள். ஒரே சுமைக்கு, கால்களின் இடைவெளி இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும். பலகையின் கனம் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகும். ஆகவே ஒரு அங்குலப் பலகையை ஒன்றரை அங்குலமாக மாற்றினாலே தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மரப் பெஞ்சுக்கு நடுவில் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே கொடுத்து எல்லாப் பலகையையும் சேர்த்துப் பிடித்தாலும் போதும். ஒரு பலகையில் விழும் சுமையைப் பக்கத்துப் பலகைகளும் பகிர்ந்துகொள்ளும்.

பிளாஸ்டிக் பலகை வேறு சாதி. சுமை எடுத்த பிறகும் நிமிராது. வெயிலில் இளகி, மெல்ல மெல்லத் தொய்ந்து அப்படியே நின்றுவிடும். மரத்துக்கு வைக்கும் இடைவெளியில் பாதிதான் இதற்கு. தொய்ந்துவிட்டால் கழற்றித் தலைகீழாகப் போடுங்கள், நடுவில் இன்னொரு கால் கொடுத்துவிட்டு.

## துரு

இரும்புக் கால் துருப்பிடிக்கும் இடம் தரைமட்டம். குழாயின் மேல்வாய் திறந்திருந்தால் மழை உள்ளே இறங்கி, கீழே தேங்கி, உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். அதனால் அடியில் சுத்தியலால் ஒரு தட்டு. உள்வாங்கினால் கதை முடிந்தது. அழுகிய பகுதியை வெட்டிவிட்டுப் புதுக் குழாய் இணைத்து, கான்கிரீட்டைத் தரைக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி வெளிச்சரிவாக முடியுங்கள். மேல்வாயை மூடுங்கள், கீழே நீர் வடிய ஒரு சின்னத் துளை விடுங்கள். பழைய வார்ப்பிரும்புக் கால் உடைந்தால் மட்டும் சாதாரண வெல்டிங் ராடு வேண்டாம், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். இரு பக்கமும் தகடு வைத்துப் போல்ட் போடுவதே மேல்.

"துருப்பிடிக்காத எஃகு"தான் என்று வாங்கியதிலும் பழுப்புப் புள்ளி வரும். 202 என்ற மலிவு ரகத்தை, அதைவிட உசத்தியான 304 என்று சொல்லி விற்பது சகஜம். காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். இரண்டிலுமே பெரும்பாலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இங்கே உதவாது. கடலோரத்தில் 304-க்கே கறை வரும், மாலிப்டினம் கலந்த 316 தேவைப்படும். மழை படாத அடிப்பக்கத்தில்தான் உப்பு தங்கிக் கறை அதிகமாகும், எனவே மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள், அதன் துணுக்குகளே அடுத்த துருவாகும். டைல்ஸ் கழுவும் ஆசிட் கிட்டவே வரக் கூடாது.

## சுடுகிறது

மே மாதம் மாலை ஐந்தரைக்குத் தொட்டுப் பாருங்கள். எஸ்.எஸ். பெஞ்ச் மதியம் தோலைப் பொசுக்கும், ஆனால் நிழல் விழுந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். கல்லும் சிமெண்டும் பகலெல்லாம் குடித்த சூட்டை, ஜனம் வந்து உட்காரும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். மரம் அதே சூட்டில் இருந்தாலும் சூட்டைத் தோலுக்குக் கடத்துவது குறைவு, அதனால் பொறுக்கலாம். வெளிர் நிறம் கொஞ்சம் உதவும். பெரிதாக உதவுவது இடமாற்றம்தான். மாலை நிழல் கிழக்கே விழும். ஆகவே புங்க மரத்துக்கோ வேம்புக்கோ கிழக்குப் பக்கத்தில், கிழக்கு பார்த்துப் பெஞ்சை வையுங்கள். சென்னையில் கடற்காற்றும் கிழக்கிலிருந்துதான் வரும்: முதுகில் நிழல், முகத்தில் காற்று. எங்கள் பெஞ்சுகளில் மூன்று மேற்கு பார்த்து இருந்தன. திருப்பி வைத்ததற்கு ஆன செலவு, நான்கு பேருக்கு டீயும் வடையும்.

அந்த நான்கு பேர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அங்குலக் கனமுள்ள சிமெண்ட் பலகை 100 கிலோவுக்கு மேல் வரும், கல் இன்னும் கொஞ்சம் கூடும். பலகையைக் கழற்றியதும் தனியாக நிற்கிற கால்களை அன்றைக்கே படுக்க வைத்துவிடுங்கள். குழந்தைகள் அதைப் பிடித்துத் தொங்குவார்கள். உடைந்த பெஞ்சை எடுக்க நாளாகும் என்றால் "உட்காராதீர்கள்" என்று எழுதி வைத்துப் பயனில்லை, எழுதின பலகையைத் தள்ளிவிட்டு உட்காருவார்கள். இருக்கையையே கவிழ்த்துப் போடுங்கள்.